பழைய ராக் மேடைகளும் கவர் பாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைக்காரர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பழைய ராக் மேடைப் பதிவும் ஒரு கவர் பாட்டும் கொண்டுவர வேண்டும். போட்டுக் கேட்போம், ஏன் பிடித்தது என்று பேசுவோம், கிட்டார் கையில் இருந்தால் வாசித்தும் பார்ப்போம். புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கவர்னா அடுத்தவங்க பாட்டைப் பாடுறது தானே? அதுல என்ன பெருசா இருக்கு?

ஒருவர் முன்பே வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியங்களில் மறுபடி பாடுவதுதான் கவர். தானே எழுதித் தானே பாடுவதுதான் உயர்த்தி என்ற எண்ணம் ராக் இசையில் 60களின் நடுவில்தான் வலுப்பெற்றது. அதற்கு முன் மற்றவர் பாட்டைப் பாடுவது வெகு சாதாரணம். 1963-இல் வந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. அதில் 6 மற்றவர்களுடையவை.

அந்த ஆறில் ஒன்று ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. 1961-இல் டாப் நோட்ஸ் பாடியபோது யாரும் கவனிக்கவில்லை. மறு ஆண்டு ஐஸ்லி பிரதர்ஸ் அதற்கு வேறு உடம்பு கொடுத்து வெற்றி கண்டார்கள். பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாட்டைப் பதிவு செய்துவிட்டு, கடைசியாக இதற்கு வந்தார்கள். ஜான் லெனனுக்குச் சளி, நாள் முழுக்கப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. முதல் டேக்கே (ஒரு முறை முழுதாகப் பாடிப் பதிவு செய்வதுதான் டேக்) ஆல்பத்தில் போனது. இன்னொன்று முயன்றபோது அவருக்குக் குரலே இல்லை. அந்தக் கிழிந்த குரலை ஒருமுறை கேளுங்கள். பாட்டு அடுத்தவருடையதாக இருக்கலாம், அந்த இரண்டரை நிமிடம் முழுக்க லெனனுடையது.

கவர், ரீமிக்ஸ், சாம்ப்பிள் எல்லாம் ஒண்ணா?

இல்லை. கவரில் எல்லாமே புதிதாகப் பாடி வாசிக்கப்படும். ரீமிக்ஸில் பழைய பதிவையே எடுத்து வேறு விதமாகக் கலக்குவார்கள். சாம்ப்பிள் என்பது பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டுக்குள் வைப்பது. லெட் செப்பலினின் ‘வென் த லெவீ ப்ரேக்ஸ்’ பாட்டின் டிரம்ஸை பீஸ்டி பாய்ஸ் 1986-இல் எடுத்துப் போட்டது சாம்ப்பிள். அந்த லெட் செப்பலின் பாட்டே 1929-இல் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த ஒரு ப்ளூஸ் (அமெரிக்கக் கருப்பின மக்களின் பழைய இசை மரபு) பாட்டின் கவர்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. ஒரே ஒரு ஜோடி சொல்லுங்க, போதும்.

‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’. பாப் டிலன் இதை 1967 நவம்பரில் நாஷ்வில்லில் பதிவு செய்தார். அகூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, பேஸ் கிட்டார், டிரம்ஸ், அவ்வளவுதான். மூன்றே கார்டுகள் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிப்பது) கடைசி வரை சுற்றிச் சுற்றி வரும். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். குரலில் பதற்றம் இல்லை, ஆனால் ஏதோ நடக்கப் போகிறது என்ற பயம் வரிகளுக்குள் இருக்கிறது.

அந்தப் பாட்டு இருந்த டிலன் ஆல்பம் வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், 1968 ஜனவரியில், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் இதை எடுத்தார். டேவ் மேசன் பன்னிரண்டு தந்தி கிட்டார் வாசித்தார். பேஸ் வாசிக்க வேண்டிய நோயல் ரெடிங் பாதியில் கிளம்பிப் போனதால் ஹெண்ட்ரிக்ஸே பேஸையும் வாசித்தார். பிறகு நியூயார்க்கில் மாதக் கணக்கில் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கினார். நடுவில் வரும் சோலோ (கிட்டார் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் இடம்) நான்கு பகுதிகளாகப் போகிறது. முதலில் நேராக வாசிக்கிறார், அடுத்து ஸ்லைடு (தந்தி மேல் வழுக்கி வாசிப்பது), அதற்கடுத்து வா-வா பெடல் (ஒலியை ‘வா-வா’ என்று பேசவைக்கும் கால்மிதி), கடைசியில் கார்டுகளாலேயே ஒரு தாளக்கட்டு. ஒவ்வொன்றும் முந்தியதை விடப் பெரிய இடத்துக்குத் தள்ளுகிறது.

இத்தனைக்கும் கார்டுகளின் ஓட்டத்தை அவர் தொடவே இல்லை, வரிகளையும் அநேகமாகத் தொடவில்லை. டிலன் மறைவாக வைத்த பயத்தை ஹெண்ட்ரிக்ஸ் வெளியே எடுத்துக் காட்டினார். அந்தப் பயம் பாட்டில் முதலிலிருந்தே இருந்தது என்பதால்தான் அது எடுபட்டது. நல்ல கவர் என்று நான் நம்புவது இதைத்தான்: பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைப் பாடுகிறார். இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரிஜினலை முதல்ல கேக்கணுமா, கவரை முதல்ல கேக்கணுமா?

எது முதலில் காதில் விழுகிறதோ அது. ஆனால் இரண்டாவதைக் கேட்ட பிறகு முதலாவதற்குத் திரும்புங்கள். பலருக்கு ‘ப்ளாக் மேஜிக் வுமன்’ என்றால் 1970-இல் வந்த சன்டானாதான். பீட்டர் கிரீன் எழுதி ஃப்ளீட்வுட் மேக் 1968-இல் வெளியிட்ட ஒரிஜினலைக் கேட்டால் அது ஒரு மைனர் ப்ளூஸ். லத்தீன் தாளத்தின் சாயல் லேசாக அங்கேயே இருக்கிறது. மறுபடி சன்டானாவுக்குப் போனால், அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டு காங்கா, டிம்பாலே என்ற லத்தீன் தாள வாத்தியங்களைச் சேர்த்திருப்பது தெளிவாகக் கேட்கும். கடைசியில் தாளம் வேகமெடுக்கும் பகுதி கபோர் சாபோவின் ‘ஜிப்ஸி குவீன்’. இரண்டு பேர் பாட்டைத் தையல் தெரியாமல் ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

பழைய லைவ் பதிவுல சவுண்டு சரியாவே இல்ல. சுத்தமான ஸ்டுடியோ பதிவு இருக்கும்போது அதை ஏன் கேக்கணும்?

ஸ்டுடியோவில் ஒரு பிழை வந்தால் நிறுத்தி மறுபடி வாசிக்கலாம். மேடையில் அது முடியாது, அதனால் வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் கவனித்தே ஆக வேண்டும். அந்தக் கவனிப்பைக் கேட்கத்தான் லைவ் பதிவு. த ஹூ குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்ததைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு பாடகர். பீட் டவுன்ஷெண்ட் கார்டு அடித்து நிறுத்தும் இடத்தில் ஜான் என்ட்விஸ்டிலின் பேஸ் ஓடுகிறது. கீத் மூன் டிரம்ஸில் தாளம் பிடிப்பதோடு நிற்காமல், பாடகர் ரோஜர் டால்ட்ரிக்கு வரிக்கு வரி பதில் சொல்கிறார். அதன் எல்பி (நீண்ட இசைத்தட்டு) லேபிளிலேயே ‘கரகர சத்தம் இருக்கும், சரிசெய்ய வேண்டாம்’ என்ற பொருளில் எழுதி வைத்தார்கள்.

அந்த எல்பியில் ஆறே பாட்டு, அதில் மூன்று கவர். மோஸ் ஆலிசனின் ‘யங் மேன் ப்ளூஸ்’, எடி காக்ரனின் ‘சம்மர்டைம் ப்ளூஸ்’, ஜானி கிட்டின் ‘ஷேக்கிங் ஆல் ஓவர்’. மோஸ் ஆலிசன் அமைதியான ஜாஸ் பியானோக்காரர். ஒன்றரை நிமிடத்துக்குள் முணுமுணுத்துவிட்டுப் போன பாட்டு அது. லீட்ஸில் அது என்ன ஆகிறது என்று நீங்களே கேளுங்கள்.

லைவ் ஆல்பம்னு போட்டிருந்தா அது நிஜமா மேடைல வாசிச்சது தானா?

எப்போதும் இல்லை. பின்னால் ஸ்டுடியோவில் பாடல் பகுதியைத் திருத்துவதும், பிசிறடித்த கிட்டாரை மாற்றுவதும் வழக்கம்தான். தின் லிஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) ஆல்பத்தில் எவ்வளவு மறுபடி வாசிக்கப்பட்டது என்பது பற்றித் தயாரிப்பாளர் ஒன்று சொன்னார், குழுவினர் வேறு சொன்னார்கள். உட்ஸ்டாக் இசை விழாவின் எல்பியில் இருக்கும் ‘ஸீ ஆஃப் மேட்னஸ்’ உட்ஸ்டாக்கில் பதிவானதே இல்லை, அது நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது.

ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று ஃபால்சம் சிறையில் பாடியதில், ரீனோ ஊரில் ஒருவனைச் சுட்டதாக வரும் வரிக்குக் கைதிகள் ஆர்ப்பரிப்பது புகழ்பெற்ற இடம். அந்த ஆர்ப்பரிப்பு பின்னால் ஒட்டப்பட்டது. இது தெரிந்த பிறகும் எனக்கு அந்த ஆல்பத்தின் மீது மதிப்புக் குறையவில்லை. கேஷ் அவர்களோடு பேசும் விதம் ஒட்டியது இல்லையே. ஆனால் கூட்டத்தில் ஒரு பதிவைப் போடும்போது இப்படி ஏதாவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

மான்டரே, உட்ஸ்டாக்னு எல்லாரும் சொல்றாங்க. அத்தனையும் பாக்க நேரம் இல்ல, எதைப் பாக்கலாம்?

மான்டரே இசை விழா (கலிஃபோர்னியா, 1967 ஜூன் 16 முதல் 18 வரை) என்றால் முதலில் ஜானிஸ் ஜாப்ளின் பாடிய ‘பால் அண்ட் செயின்’. சனிக்கிழமை அவர் பாடியதைப் படம் பிடிக்க மேனேஜர் விடவில்லை. கூட்டம் மிரண்டுபோனதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேடையேற்றிப் படம் எடுத்தார்கள். நாம் பார்ப்பது அந்த இரண்டாவது முறை. பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகி காஸ் எலியட்டின் முகத்தைக் காட்டுவார்கள், வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பாட்டை எழுதியவர் பிக் மாமா தார்ன்டன். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருகிறார்.

அதே ஞாயிறு பிற்பகலில் ரவிசங்கர், அல்லா ரக்காவின் தபலாவோடு சித்தார் வாசித்தார். விழாவைப் பற்றிய படம் அவர் வாசிப்பில்தான் முடிகிறது. அன்று இரவு ஹெண்ட்ரிக்ஸ், ட்ரோக்ஸ் குழுவால் புகழ்பெற்ற ‘வைல்ட் திங்’ பாட்டை வாசித்துவிட்டு மேடையிலேயே கிட்டாரைக் கொளுத்தினார். வாத்தியத்தை உடைப்பதும் எரிப்பதும் ரவிசங்கருக்கு மிகுந்த வேதனை தந்தது. ஆயுத பூஜைக்கு வாத்தியத்துக்குப் பொட்டு வைக்கும் நமக்கு அந்த வேதனை புரியும். நெருப்பை விட்டுவிட்டு, அதற்கு முன் ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததைக் கேளுங்கள் என்பதுதான் என் யோசனை.

உட்ஸ்டாக்கில் (1969 ஆகஸ்ட்) இரண்டு போதும். ஒன்று சன்டானாவின் ‘சோல் சாக்ரிஃபைஸ்’. அவர்களுடைய முதல் ஆல்பமே அப்போது கடைக்கு வரவில்லை, டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஷ்ரீவுக்கு வயது 20. இன்னொன்று ஜோ காக்கர், அவருக்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

ஜோ காக்கர் பாடினது பீட்டில்ஸ் பாட்டா? நம்பவே முடியல. எப்படி அப்படி மாத்தினாங்க?

‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’. 1967-இல் பீட்டில்ஸுக்காக ரிங்கோ ஸ்டார் பாடியது. ரிங்கோவின் குரல் எல்லைக்குள் நிற்கும்படி எழுதிய, நாலு நாலாக எண்ணி நடக்கும், குஷியான பாட்டு. மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், ரிங்கோ பதில் சொல்வார்.

காக்கர் 1968-இல் முதலில் தாளத்தை மாற்றினார். நாலுக்குப் பதில் மூன்று மூன்றாக, நம்முடைய திஸ்ர நடை மாதிரி ஆடி ஆடிப் போகும் நடை. வேகத்தை நன்றாகக் குறைத்தார். ஆர்கன் தனியாகத் தொடங்கி, கிட்டார் வந்து இடி மாதிரி விழும். பதிவில் அந்தக் கிட்டார் ஜிம்மி பேஜ், டிரம்ஸ் பி.ஜே. வில்சன். கேள்விகளைப் பின்னணிப் பாடகிகள் தேவாலயக் குழு போலக் கேட்க, காக்கர் ஒவ்வொன்றுக்கும் கெஞ்சலாகப் பதில் சொல்கிறார். ரிங்கோ பாடும்போது நண்பர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காக்கர் பாடும்போது அவர்கள் வருவார்களா என்றே தெரியவில்லை. பிரிட்டனில் அந்த நவம்பரில் முதலிடத்துக்குப் போனது.

உட்ஸ்டாக்கில் பாடகிகள் இல்லை. குழுவினரே கள்ளக் குரலில் அந்த உச்ச ஸ்தாயிகளைப் பாடுகிறார்கள். காக்கரின் கைகள் காற்றில் இல்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கைகளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது, உடம்பு முழுக்கத் தாளத்துக்கு ஒப்புக்கொடுத்த ஒரு மனிதர்.

வரிகளை மாத்திப் பாடலாமா? ஆம்பளை பாடினதைப் பொண்ணு பாடினா என்ன பண்றது?

‘ரெஸ்பெக்ட்’ பாட்டை 1965-இல் எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கிறான். 1967 பிப்ரவரி 14 அன்று அரீத்தா ஃப்ராங்க்ளின் அதைப் பதிவு செய்தபோது கேட்கிறவள் பெண். ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி என்று எழுத்துக் கூட்டிப் பாடும் இடம் ஒரிஜினலில் கிடையாது. அவருடைய தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் பின்னால் பாடினார்கள். சாக்ஸஃபோன் சோலோவுக்காகப் புதிதாக ஒரு பகுதியையே சேர்த்தார்கள். அந்த ஜூனில் அமெரிக்காவில் அது முதலிடத்துக்குப் போனது. அதே மாதம் ஓட்டிஸ் அந்தப் பாட்டை மான்டரே மேடையில் பாடினார். ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டு என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்தார்.

மாற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜானி கேஷ் 2002-இல் ‘ஹர்ட்’ பாடியபோது ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு முள்முடி என்று பாடினார். அதுவரை ஓர் இளைஞனின் நரகமாக இருந்த பாட்டு, 70 வயதுக் கிறிஸ்துவப் பெரியவரின் வாக்குமூலமாக மாறியது. ஒரே ஒரு சொல்லும், பாடுகிறவரின் வயதும்.

அந்த மாதிரி அடுத்தவங்க பெருசாப் பாடிட்டா எழுதினவருக்குக் கோபம் வராதா?

பலருக்கு வந்ததில்லை. டிலன் 1974-இல் மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பியபோது ‘வாட்ச்டவர்’ பாட்டை ஹெண்ட்ரிக்ஸ் வழியில்தான் வாசித்தார், அதற்குப் பிறகும் அப்படியே. ‘ஹர்ட்’ எழுதிய ட்ரெண்ட் ரெஸ்னருக்கு முதலில் சங்கடமாக இருந்தது. தன் அந்தரங்கமான பாட்டு வேறொருவர் வாயில். மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகு, இது இனி என் பாட்டு இல்லை என்ற பொருளில் சொன்னார். 1994-இல் அதை எழுதியவர் அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

சில பாட்டுக்கு ஒரிஜினல் எதுன்னே கண்டுபிடிக்க முடியலையே?

சில பாட்டுக்கு ஒரிஜினல் என்று ஒன்று இல்லவே இல்லை. ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’ நாட்டுப்புறப் பாட்டு. ஆலன் லோமாக்ஸ் 1937-இல் கென்டக்கியில் ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். அதற்கு முன்பே 1933-இல் கிளாரன்ஸ் ஆஷ்லியின் இசைத்தட்டும் உண்டு. நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் அதற்குப் புதிய கார்டுகள் அமைத்துப் பாடிவந்தார். டிலன் அந்த அமைப்பை எடுத்துத் தன் முதல் ஆல்பத்தில் 1962-இல் போட்டார். 1964 மே 18 அன்று அனிமல்ஸ் குழு லண்டனில் ஒரே டேக்கில் அதை மின்சாரக் கிட்டாருக்கும் ஆர்கனுக்கும் மாற்றியது. வான் ராங்க் பின்னாளில் சொன்ன கதை இது: டிலனைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாய் என்று ஜனங்கள் சொன்னதால் தான் அந்தப் பாட்டை நிறுத்தியதாகவும், அனிமல்ஸைக் காப்பி அடிக்கிறாய் என்றதால் டிலனும் நிறுத்தியதாகவும்.

எழுதியவர் தெரிந்தாலும் கவர், கவருக்கும் கவர் என்று சங்கிலி போவதுண்டு. லியனார்ட் கோஹனின் ‘ஹாலெலூயா’ 1984-இல் வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. ஜான் கேல் 1991-இல் வேறு சரணங்களைத் தேர்ந்தெடுத்துப் பியானோவோடு பாடினார். ஜெஃப் பக்லி 1994-இல் எடுத்துக்கொண்டது கேல் அமைத்ததைத்தான். இன்று உலகம் பாடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது கையிலிருந்து வந்தது.

எல்விஸ் கருப்பின மக்களோட பாட்டைத் திருடினார்னு சொல்றாங்களே, சரியா?

‘ஹவுண்ட் டாக்’ பாட்டை வைத்துப் பேசுவோம். 1952-இல் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டாலர் என்ற 19 வயது வெள்ளை இளைஞர்கள் இருவர் பிக் மாமா தார்ன்டனுக்காகவே அதை எழுதினார்கள். தண்டச்சோறு தின்னும் ஆணை ஒரு பெண் விரட்டி அடிக்கும் பாட்டு. 1953-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். எல்விஸ் 1956-இல் லாஸ் வேகாஸில் ஃப்ரெடி பெல் குழு அதை வேடிக்கைப் பாட்டாக வரி மாற்றிப் பாடுவதைக் கேட்டு, அந்த வடிவத்தைத்தான் எடுத்தார். அதே ஆண்டு ஜூலை 2 அன்று 30 டேக்குக்கு மேல் பாடிப் பதிவு செய்தார். ஆகச் சட்டப்படி இது திருட்டு இல்லை, எழுதியவர்கள் பெயரும் இருந்தது.

அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. கருப்பினக் கலைஞர்களின் தட்டுகளைப் பெரும்பாலான வெள்ளையர் வானொலிகள் போடாது. அதே பாட்டை வெள்ளைப் பாடகர் பாடினால் போடும். லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃப்ரூட்டி’ பாப் பட்டியலில் 17-ஆம் இடம், பாட் பூன் அதைப் பாலில் தோய்த்து எடுத்த மாதிரிப் பாடியது 12-ஆம் இடம். எல்விஸின் முதல் தட்டான ‘தட்ஸ் ஆல் ரைட்’ (1954) பாட்டை எழுதியவர் ஆர்தர் க்ரூடப். வர வேண்டிய ராயல்டிக்காகப் பல ஆண்டு போராடி, அது கைக்கு வராமலே 1974-இல் இறந்தார்.

தார்ன்டனின் ‘ஹவுண்ட் டாக்’ பதிவைக் கேட்காமல் இந்த விவாதத்தில் இறங்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். கிட்டார் நடுவில் பேச, அவர் அதை அதட்டுகிறார், நாய் போலக் குரைக்கிறார்கள், அத்தனையும் மூன்று நிமிடத்துக்குள். எல்விஸின் பாட்டு வேகமானது, கோபமானது. தார்ன்டனின் பாட்டில் அதிகாரம் இருக்கிறது. ஜானிஸுக்குப் பாட்டுக் கொடுத்தவரும் இவர்தான் என்று மேலே சொன்னேன். இரண்டு பெரிய நட்சத்திரங்களின் உச்சத் தருணங்களுக்குப் பின்னால் இருந்த இந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிப்பதை என்னால் ஏற்க முடியாது.

அப்போ லெட் செப்பலின் செஞ்சது கவரா, காப்பியா?

இரண்டும் உண்டு. முதலில் சொன்ன ‘லெவீ ப்ரேக்ஸ்’ பாட்டில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரைப் போட்டார்கள். ஹெட்லி க்ரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மேலே மாடியிலிருந்து இரண்டு மைக்கில் பிடித்த சத்தம் அது. பழைய ப்ளூஸை முழுக்கத் தங்களுடையதாக்கி, கடனையும் ஒப்புக்கொண்ட பாட்டு.

‘ஹோல் லாட்டா லவ்’ (1969) அப்படி இல்லை. வில்லி டிக்ஸன் எழுதி மட்டி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய பாட்டின் வரிகள் அதில் இருந்தும், டிக்ஸன் பெயர் இல்லை. அவர் 1985-இல் வழக்குப் போட்ட பிறகு சமரசமாகி, பெயர் சேர்ந்தது. ‘பேப் ஐம் கோனா லீவ் யூ’ எழுதிய ஆன் பிரெடனுக்கும் வெகு காலம் கழித்தே பெயர் கிடைத்தது. ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) ஜிம்மி பேஜின் சொந்தம், அது மகத்தான ரிஃப். ஆனால் பெயர் போடாமல் விட்டதற்கு அதைச் சமாதானமாகச் சொல்ல முடியாது.

நாங்க கவர் பண்ணி யூடியூப்ல போட்டா பிரச்சனை வருமா?

இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பாருங்கள். எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்களே வாசித்தால் ஒலிப்பதிவு உரிமை தொந்தரவு இல்லை. பாட்டின் உரிமை எழுதியவரிடமோ அவருடைய பதிப்பு நிறுவனத்திடமோ இருக்கிறது. அரீத்தாவின் ‘ரெஸ்பெக்ட்’ அமெரிக்க வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் பணம் ஓட்டிஸ் தரப்புக்குப் போனதே தவிர அரீத்தாவுக்குப் போகவில்லை, அங்கே சட்டம் அப்படி.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் கொண்டுவந்த 31-சி பிரிவு, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு, முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்துக் கவர் பதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் 50,000 பிரதிக்கான ராயல்டி குறைந்தபட்சம் என்கிறது, தேவையில்லாமல் பாட்டை மாற்றவும் கூடாது. சின்னக் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது. அது ஒலிப்பதிவுக்கான வழி, வீடியோவுக்கு இல்லை. யூடியூபில் நடைமுறையில் நடப்பது, உரிமையாளர் அடையாளம் கண்டு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார், அல்லது தடுத்துவிடுவார். பணம் பண்ணும் எண்ணம் இருந்தால் பதிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நோட்டுக்கு நோட்டு அப்படியே வாசிச்சா அது மட்டமா?

இல்லவே இல்லை. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பதிவில் உள்ள வயலின் பிட்டு ஒன்றுகூட விடாமல் வாசித்த கைகளை நினைத்தால் இப்போதும் மரியாதை வருகிறது. காதையும் கையையும் வளர்க்க அதைவிட நல்ல பள்ளி இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு வாசிக்க வருகிறவரிடம் அதற்கு அடுத்த படியைக் கேட்கிறோம்.

அதற்கு நாள் கணக்கில் யோசிக்கவும் வேண்டாம். 1967 ஜூன் 4 அன்று லண்டன் சாவில் தியேட்டரில் ஹெண்ட்ரிக்ஸ், வெளியாகிச் சில நாட்களே ஆன ‘சார்ஜென்ட் பெப்பர்’ பாட்டோடு கச்சேரியைத் தொடங்கினார். எழுதிய பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் கூட்டத்தில் இருந்தார்கள். பீட்டில்ஸ் பித்தளை வாத்தியங்களோடு செய்ததை மூன்று பேர் வாசித்தார்கள். தனக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதைகளில் ஒன்றாக மெக்கார்ட்னி அதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பழசுன்னா எந்த வருஷம் வரைக்கும்? நிர்வாணா கொண்டு வரலாமா?

தாராளமாக. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவி தொலைக்காட்சிக்காக நிர்வாணா குழு வாசித்த 14 பாட்டில் 6 கவர். சொந்த ஹிட்டுகளை எதிர்பார்த்தவர்களுக்கு டேவிட் போவி, வாசலின்ஸ், மீட் பப்பெட்ஸ் பாட்டுகள், கடைசியில் லெட் பெல்லி வழியாக வந்த ஒரு பழைய நாட்டுப்பாட்டு. மீட் பப்பெட்ஸ் சகோதரர்களையே மேடைக்கு அழைத்து, அவர்களோடு சேர்ந்து மூன்று பாட்டு. கடன் சொல்வது பற்றி மேலே பேசினோமே, அதற்கு இதைவிட அழகான வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்க கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூணே பேர். கீபோர்டு இல்ல. எதை எடுக்கலாம்?

க்ரீம் குழு 1968 மார்ச் 10 அன்று சான் ஃப்ரான்சிஸ்கோ விண்டர்லாண்டில் வாசித்த ‘க்ராஸ்ரோட்ஸ்’. 1936-இல் ராபர்ட் ஜான்சன் ஒற்றைக் கிட்டாரில் பாடியதை மூன்று பேர் ஓட்டமாக்கினார்கள். சோலோவின்போது ஜாக் ப்ரூஸின் பேஸ் சும்மா துணைக்கு நிற்பதில்லை, அதுவும் ஒரு சோலோ. பேஸ் வாசிப்பவருக்குத் தைரியம் வந்த பிறகு எடுங்கள். அதற்கு முன் ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ நல்லது, ரிஃப் எளிது. முதலாளியும் அப்பாவும் பேசும் வரிகளைக் கட்டைக் குரலில் பேஸ்காரர் சொல்லட்டும், லீட்ஸில் என்ட்விஸ்டில் அப்படித்தான் செய்தார்.

‘ரைசிங் சன்’ பாட்டை ஆர்கன் இல்லாமல் செய்யலாம். ஹில்டன் வாலன்டைன் கார்டுகளை ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து வாசிப்பதே பாதிப் பாட்டு. ஆர்கன் சோலோ வரும் இடத்தில் கிட்டாரும் டிரம்ஸும் மெல்ல இறங்கி, பேஸ் மட்டும் ஒரு சுற்றுப் போகட்டும். காக்கரின் பாட்டை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம், அந்த ஆர்கன் தொடக்கம் இல்லாமல் கிட்டார் வந்து விழுவதற்கு இடமே இல்லை. கீபோர்டு ஆள் கிடைத்ததும், பின்னணி பாட இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.